சூடு இறங்கியது என்றான் என் தம்பி

துபாய்க்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தம்பியோடு சண்டை போடப் போனேன். அதனால் வானுயர்ந்த கட்டடங்களும் பாலைவனத்து ஒட்டகச் சவாரியும் இதில் வராது. அவற்றை நான் பார்க்கவும் இல்லை, பார்க்கும் மனநிலையிலும் இல்லை.

நானும் என் வீட்டுக்காரரும் தூத்துக்குடியில் ஒரு பேக்கரி நடத்துகிறோம். ஒரு நாள் காலை, பன் மாவு பிசைந்த கையோடு இருந்தபோது தம்பி மனைவி விமலா துபாயிலிருந்து கூப்பிட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"மைனி, அவுக டயாலிசிஸுக்குப் போக மாட்டேங்காக. சொகமாயிட்டுன்னு சொல்லுதாக. ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்தா எடுக்கதே இல்ல. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

தம்பி செல்வினுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. துபாயில் அல் குசைஸ் பகுதியில் ஒரு ஏசி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, மற்ற நாட்களில் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தான். அதை நிறுத்தச் சொன்னது டாக்டர் இல்லை. ஏதோ ஒரு ஜெபக்கூட்டத்தில் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார்களாம். உச்சந்தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சூடாக ஒன்று இறங்கியதாம். முதலில் மூன்று முறையை ஒரு முறையாக்கினான். பிறகு அதையும் விட்டுவிட்டான்.

நான் சபையில் வளர்ந்தவள். ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். கடவுள் சுகமாக்குவார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் விமலா போனை வைத்தபோது எனக்கு ஜெபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடேயே விமானம் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரர் முழங்கையால் இடித்தார் என்று அவரையும் முறைத்தேன். பாவம், அவர் தூக்கத்தில் இருந்தார்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அடித்த காற்று, எங்கள் கடையில் அடுப்புக் கதவைத் திறந்ததும் வருகிற அதே காற்று. எங்கள் அடுப்பில் பன் வாசமாவது இருக்கும். இங்கே சிமெண்டு வாசம். விமலா டாக்சியோடு காத்திருந்தாள். மெலிந்திருந்தாள். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். எங்கள் இருவர் முகத்தையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று இந்தியில் கேட்டார். "இன்னும் இல்லை" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

செல்வின் கதவைத் திறந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தலை நிறைய எண்ணெய், வாய் நிறையச் சிரிப்பு. "எக்கா, வா வா. நல்லாத்தான இருக்கேன், பாரு" என்றான். முகம் உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள். நான்கு அடி நடந்து நாற்காலிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது.

நான் விமலாவுக்காக எங்கள் கடை முந்திரி மக்ரூன் கொண்டுபோயிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் செல்வின் இரண்டை எடுத்து வாயில் போட்டான். முந்திரிப் பருப்பு அவனுக்கு ஆகாது. சிறுநீரகம் வேலை செய்யாதவன் முந்திரி, வாழைப்பழம், தக்காளி, பேரீச்சம்பழம், இளநீர் எதையும் வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் தங்கி இருதயத்தை நிறுத்திவிடும். இது எனக்கே தெரியும்போது அவனுக்குத் தெரியாதா?

"துப்புல" என்றேன்.

"எக்கா, அதெல்லாம் பழைய கதை. இப்ப எல்லாம் சாப்புடுதேன்."

"ஒண்ணுக்குப் போவுதா?"

விமலா தலையைக் குனிந்துகொண்டாள். செல்வின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "வரும். விசுவாசத்தோட காத்திருக்கேன்."

"மூத்திரம் வரதுக்கு விசுவாசத்தோட காத்திருக்கவன நான் இப்பத்தான் பாக்கேன்."

"நீ கேலி பண்ணு. எனக்குள்ள சூடு எறங்குனது எனக்குத் தெரியும். அத நான் இல்லேன்னு எப்படிச் சொல்ல? ஒனக்கு அப்படி ஒரு அனுபவம் இருந்தா நீ இப்படிப் பேச மாட்ட."

அதற்குமேல் என்ன பேசினாலும் அதே இடத்துக்குத்தான் வந்தான். எனக்குத் தோன்றியது, எனக்குள் தெரிந்தது, எனக்குத் தெரியும். என் தம்பி கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பயந்தவன். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு தடித்துப்போய், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்து களைத்துப்போனவன். அவனுக்கு அந்தச் சூடு தேவைப்பட்டது. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் கூடத்தான் செய்தது.

மறுநாள் விமலா வேலைக்குப் போனதும், நான் கைவைத்து ஜெபித்த அந்த ஆளைப் பார்க்கக் கிளம்பினேன். பெயர் பிரதர் ஆல்வின். கராமாவில் இருந்தார். மெட்ரோவில் போகலாம், நடுவில் ஒரு இடத்தில் வண்டி மாற வேண்டும் என்று விமலா சொல்லியிருந்தாள். மாற வேண்டிய ஸ்டேஷன் வந்தபோது நான் மனதுக்குள் ஆல்வினோடு சண்டையில் இருந்தேன். என்ன சொன்னால் அவர் வாயடைத்துப் போவார் என்று யோசித்து யோசித்துக் கடைசி ஸ்டேஷனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். சுற்றி ஆம்பளைகளாக நின்றதை அப்போதுதான் கவனித்தேன். ஒரு பிலிப்பைன்ஸ் பெண் என் கையைப் பிடித்துப் பெண்கள் பெட்டியில் ஏற்றி, எத்தனையாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று விரல்விட்டுக் காட்டினாள். வாய் உலர்ந்ததென்று தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போனேன். வேண்டாம், அபராதம் போடுவார்கள் என்று சைகையில் தடுத்தாள். தூத்துக்குடி பஸ்ஸில் மீன் கூடையே ஏற்றலாம். இங்கே ஒரு மிடறு தண்ணீர் குடிக்கக் கூடாது.

கராமாவில் இறங்கினால் பாதி ஊர் நம் ஊர். மாடியில் காயும் லுங்கிகள், 'ரூம் வாடகைக்கு' என்று கம்பத்தில் ஒட்டிய தாள்கள், தாளித்த கடுகு வாசம். போனில் கேட்டபோது ஆல்வின் ஒரு தமிழ்நாட்டு உணவகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். சாப்பாடு நன்றாகவே இருந்தது. வத்தக்குழம்பு எங்கள் பக்கத்து வத்தக்குழம்பு. ஆனால் அன்றைக்கு எது வாயில் போட்டாலும் எனக்கு மண்தான்.

நான் ஒரு போலிச் சாமியாரை எதிர்பார்த்துப் போனேன். வந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட, சாதுவான மனுஷர். பேச்சும் மென்மை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலையாம். ஒரு பைசா காணிக்கை வாங்குவதில்லை என்று விமலாவே சொல்லியிருந்தாள். எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏமாற்றுக்காரனைத் திட்டுவது சுலபம். நம்பி ஏமாந்து, மற்றவனையும் கூடவே குழிக்குள் கூட்டிப்போகிறவனை என்னவென்று திட்டுவது?

"சிஸ்டர், நான் டயாலிசிஸ நிறுத்தச் சொல்லல. மெஷின் உங்களுக்குக் கடவுளாயிடக் கூடாதுன்னு மட்டுந்தான் சொன்னேன்."

"அவன் நிறுத்திட்டான்னு தெரிஞ்சப்ப, போகச் சொன்னீங்களா?"

அவர் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "அவருக்குள்ள இருந்த சந்தோஷத்தப் பாத்தேன். அத அணைக்க எனக்கு மனசு வரல." பிறகு தலையை ஒருபக்கம் சாய்த்து என்னைக் கேட்டார்: "உங்களுக்கு உள்ளுக்குள்ள சமாதானம் இருக்கா சிஸ்டர்?"

"இல்ல."

"பாத்தீங்களா. அங்கதான் தடை இருக்கு."

"எந்தம்பி சாகக் கெடக்கான். அதான் சமாதானம் இல்ல. நீங்க இன்சூரன்ஸ் விக்கிறீங்களே பிரதர், விசுவாசம் இருக்கவனுக்கு அது எதுக்கு? உங்க வீட்டுக்கு ஒரு பாலிசி எடுத்திருக்கீங்களா, இல்லையா?"

அவர் முகம் சிவந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள், வந்து பாருங்கள், நீங்களே உணர்வீர்கள் என்றார். போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் ஒரு வில்லாவின் பெரிய அறையில். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்தவர்கள். பாதிப்பேர் சீருடையைக்கூட மாற்றவில்லை. ஓட்டுநர்கள், நர்சுகள், தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வந்த பையன்கள். வாரம் முழுக்க 'ஜல்தி, ஜல்தி' என்று விரட்டப்பட்டவர்கள். அந்த ஒரு அறையில்தான் அவர்களை யாரும் விரட்டவில்லை. கீபோர்டு வாசிக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சாட்சி சொன்னார்கள். ஒவ்வொரு சாட்சியும் 'உணர்ந்தேன்' என்று முடிந்தது. விசா கிடைக்கும் என்று உணர்ந்தேன். முதலாளி மனது மாறும் என்று உணர்ந்தேன். கர்த்தர் என் தோளைத் தொட்டதை உணர்ந்தேன்.

அந்த மாலை முழுவதும் சிலுவை என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. நமக்காக ஒருவர் பாடுபட்டுச் செத்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்பதைத்தான் நாம் விசுவாசம் என்று சொல்லிக்கொள்கிறோம். அது இல்லாமலேயே அங்கே அத்தனை பேர் அழுதார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் அழுதேன். செல்வின் எழுந்து நின்று, "என் சரீரத்துல சூடு எறங்குச்சு" என்று குரல் உடைந்து சொன்னபோது, பின்னால் கீபோர்டு மெல்ல ஏறியபோது, எனக்கும் கையில் மயிர் சிலிர்த்தது. நெஞ்சுக்குள் என்னவோ பொங்கியது. அடுத்த நிமிடம் ஒரு பெண் எல்லோருக்கும் பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் தட்டில் கொண்டுவந்தாள். சாட்சி சொன்ன கையோடு செல்வின் எடுத்துச் சாப்பிட்டான். எல்லோரும் சந்தோஷத்தில் கை தட்டினார்கள். எனக்குள் பொங்கியது அப்படியே உறைந்துவிட்டது. கையில் மயிர் சிலிர்த்தால் அவன் சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை.

எழுந்து போய் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவன் பேண்டைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினேன். காலின் முன்பக்கத்தில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். பள்ளம் விழுந்தது. அப்படியே நின்றது. நான் தினமும் மாவில் கைவைக்கிறவள். நன்றாகப் பொங்கிய மாவில் விரலை அழுத்தினால் மெல்ல மேலே வரும். இது வரவில்லை.

"எல்லாரும் வந்து பாருங்க" என்றேன். "இது பூரா தண்ணி. நெஞ்சு வரைக்கும் ஏறிட்டு இருக்கு. இவனுக்குச் சொகம் ஆகல. நீங்க கை தட்டிக்கிட்டு இருக்கீங்க."

கீபோர்டு நின்றது. யாரோ ஒரு குழந்தை சிணுங்கியது. ஆல்வின் கண்ணை மூடி ஒரு பாட்டை ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் தரையில் உட்கார்ந்தே இருந்தேன். செல்வின் பேண்டை இறக்கிவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனான்.

சனிக்கிழமை காலை அவன் என்னோடு பேசவில்லை. விமலா உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதையும் தொடவில்லை. எனக்கு அறைக்குள் இருக்க முடியாமல் கீழே இருக்கும் மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாகுல் காக்கா, காயல்பட்டினத்துக்காரர். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் வந்த நாளிலேயே பழக்கமாகிவிட்டார்; அவர்கள் வழக்கப்படி அவர் எனக்குக் காக்கா, அண்ணன், நான் அவருக்கு லாத்தா, அக்கா.

"தம்பிக்கு ஒடம்பு எப்படி லாத்தா? நல்லாயிட்டுன்னு சொல்லி நேத்துகூட ஒரு பெட்டி ஈத்தம்பழம் வாங்கிட்டுப் போனாரே" என்றார்.

என்ன பதில் சொல்வதென்று நான் நின்றபோது விமலா படிக்கட்டில் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "மைனி, அவுகளால எந்திரிக்க முடியல."

மேலே போனால் செல்வின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தான். கால் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை என்றான். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. விமலா ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே சாகுல் காக்கா கடையை அப்படியே போட்டுவிட்டுச் சரக்கு வேனைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "யல்லா, யல்லா, காத்திருக்க நேரமில்ல" என்று பக்கத்து ரூம் பையன்கள் இருவரைக் கூப்பிட்டுத் தூக்கச் செய்தார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே என் தம்பியைப் படுக்க வைத்துத் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஷார்ஜா பக்கம் போகும் சாலை அடைத்துக் கிடந்தது. எந்த நேரத்திலும் அது அடைத்துத்தான் கிடக்குமாம். பளபளவென்று கழுவித் துடைத்த கார்கள், ஒன்றும் நகரவில்லை. நான் வேனுக்குள்ளிருந்து கத்தினேன். யாருக்குக் கேட்கும்? சாகுல் காக்கா ஓரப்பாதையில் இறக்கி ஓட்டினார். அபராதம் வரும் என்று அவருக்குத் தெரியும். என் மடியில் செல்வின், "எக்கா, பயமா இருக்கு" என்றான். அந்த வாரத்திலேயே அவன் பேசிய உண்மையான வார்த்தை அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

அவசரப் பிரிவில் ஒரு மலையாளி டாக்டர். இருதயத் துடிப்பு ஓடும் திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஊசி போட்டார்கள், உடனே இயந்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே போகும் முன் டாக்டர் எங்களிடம் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் இருதயம் நின்றிருக்கும், இப்போதும் உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

நானும் விமலாவும் கதவுக்கு வெளியே உட்கார்ந்தோம். நான் கடவுளைத் திட்ட ஆரம்பித்தேன். மனதுக்குள்தான். உம்முடைய பெயரைச் சொல்லித்தானே அவனை இங்கே கொண்டுவந்து போட்டார்கள்? உமக்கு ரோஷம் இல்லையா? அந்த ஆல்வினின் வாயை ஏன் அடைக்கவில்லை? சொல்லச் சொல்லச் சொற்கள் கெட்டுக்கொண்டே போயின. ஒரு கட்டத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

விமலா திரும்பிப் பார்த்தாள். "நீங்க திட்டவாவது செய்யுதீக. எனக்கு அதுவும் வர மாட்டேங்கு."

நான் அவளைப் பார்த்தேன்.

"ரொம்ப நாளாச்சு மைனி. ஜெபம் பண்ணினா செவுத்துகிட்டப் பேசுத மாதிரி இருக்கு. கூட்டத்துல எல்லாரும் அழுவாங்க. நான் மட்டும் மரம் மாதிரி நிப்பேன். ஒங்களுக்கு விசுவாசம் இல்ல சிஸ்டர், அதான் அவருக்குத் தடைன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தானோன்னு பயந்தேன்."

"யாரு சொன்னது? அந்த ஆல்வினா?"

"இருங்க மைனி, கோவப்படாதீக. நான் சொல்ல வந்தத முடிச்சிக்கிடுதேன்." அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "பாத்திரம் கழுவும்போது, சபையில எல்லாரும் சேந்து சொல்லுத விசுவாசப் பிரமாணத்தச் சொல்லிக்கிட்டே கழுவுவேன். ஏன்னா அதுல விசுவாசிக்கிறேன்ங்க வார்த்த தவிர என்னப் பத்தி ஒண்ணுமே இல்ல. எனக்கு என்ன தோணுதுன்னு அது கேக்கதே இல்ல. அவரு பொறந்தாரு, பாடுபட்டாரு, செத்தாரு, அடக்கம் பண்ணினாங்க, எந்திரிச்சாரு. எந்தக் கவர்னர் காலத்துலன்னுகூட அதுல இருக்கு. நடந்த காரியம் மைனி. நான் மரமா நின்னாலும் நடந்தது நடந்ததுதான. நான் அழுதாத்தான் அவரு எந்திரிச்சாருன்னு இல்லையே."

நான் ஞாயிறு பள்ளியில் வருஷக்கணக்காக அந்தப் பிரமாணத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். ஒரு துன்பத்தின் நடுவில் நின்றுகொண்டு அதை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் நான் திட்டியதும், அவளுக்கு ஒன்றும் தோன்றாததும் கடவுளை எதுவும் செய்துவிடாது என்று மட்டும் தெரிந்தது. அந்த நினைப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டான் என்றார். விமலா அப்போதுதான் அழுதாள்.

இரண்டு நாள் கழித்துச் செல்வினைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். முகத்து வீக்கம் வடிந்து, பழைய மூக்கும் தாடையும் தெரிந்தன. ஆனால் ஆள் உள்ளே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். குபூஸைக் குழம்பில் நனைத்துக் கொடுத்தால் மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அந்த ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை: சூடாக இருக்கும்போது நம் பரோட்டாவைத் தோற்கடிக்கும், ஆறினால் அட்டை.

"எக்கா" என்றான் அன்று சாயங்காலம். "அவரு என்ன விட்டுட்டாரு. உள்ள ஒண்ணுமே தெரியல. சில்லுன்னு கெடக்கு."

'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று சொல்லத்தான் வாய் துடித்தது. அதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். ஆனால் அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வேறு கோபம் வந்தது.

"ஏல, அன்னைக்குச் சூடா இருந்துச்சு, அவரு தொட்டாருன்ன. இன்னைக்குச் சில்லுன்னு இருக்கு, விட்டுட்டாருங்க. ஒன் ஒடம்பு என்ன, அவருக்கு வச்ச தெர்மாமீட்டரா? அன்னைக்கும் நீ பாத்தது ஒன்னத்தான். இன்னைக்கும் நீ பாக்கது ஒன்னத்தான். அவரப் பாத்தியா?"

"அவர எங்க பாக்க?"

"எங்கயா? ஒனக்காகத் தொங்குனாருல்லா, அங்க பாரு. அது ஒனக்குச் சூடா இருந்தப்பவும் நடந்ததுதான், சில்லுன்னு இருக்கும்போதும் நடந்ததுதான்."

கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில் எகிப்துக்காரர் எழுந்து உட்கார்ந்து, அமைதி, அமைதி என்று கையைக் காட்டினார். செல்வின் இந்த முறை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஆல்வின் வந்தார். கையில் செலோபேன் சுற்றிய பழக்கூடை. மேலேயே வாழைப்பழச் சீப்பு. அதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். விமலா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

ஆல்வின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மென்மையாகவே ஆரம்பித்தார். "பிரதர், அன்னைக்குக் கூட்டத்துல அவிசுவாசமான வார்த்தைகள் வந்துடுச்சு. அதுதான் காரியத்தக் கெடுத்துடுச்சு. மனசத் தளர விடாதீங்க. அந்தச் சமாதானம் திரும்ப வரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வின் பேசினான். குரல் மெலிந்திருந்தது.

"பிரதர், ஒண்ணு கேக்கட்டுமா? சிலுவையில தொங்கும்போது அவருக்கு உள்ளுக்குள்ள சமாதானமா இருந்துச்சா?"

ஆல்வினின் கை கட்டில் கம்பியிலிருந்து இறங்கியது.

"ஏன் என்னக் கைவிட்டீருன்னுதான அவரே கேட்டாரு. அவருக்கே அப்படித் தோணுச்சு. அதனால பிதா அவர அப்படியே விட்டுட்டாரா? மூணாம் நாள் எழுப்பலையா?" மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி சொன்னான். "எனக்கு இப்ப ஒண்ணும் தோணல பிரதர். எங்கக்கா கெடுத்ததுனால இல்ல. நானே நல்லா ஏமாந்தேன். சூட்டக் கடவுள்னு நெனச்சிட்டேன். நீங்க என்மேல பிரியமாத்தான் ஜெபிச்சீங்க, எனக்குத் தெரியும். ஆனா நான் ஆஸ்பத்திரிக்குப் போகலன்னு தெரிஞ்சும் சும்மா இருந்துட்டீங்க."

ஆல்வின் பழக்கூடையைத் தரையில் வைத்தார். "ஜெபிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஜெபிங்க. அதுக்கு முன்னால ஒண்ணு. செவ்வா, வியாழன், சனி எனக்கு மெஷின். பஸ்ஸுல போயிட்டுத் திரும்பும்போது தல சுத்துது. உங்ககிட்டக் கார் இருக்கு. கூட்டிட்டுப் போவீங்களா?"

ஆல்வின் தலையாட்டினார். ஜெபம் மிகச் சுருக்கமாக இருந்தது. போகும்போது பழக்கூடையைத் தானே எடுத்துக்கொண்டு போனார். இந்த ஆள் வரமாட்டார் என்று நான் விமலாவிடம் அடித்துச் சொன்னேன். எனக்கு அப்படித்தான் பட்டது. சந்தேகமே இல்லாமல் பட்டது.

அந்த வாரத்திலேயே செல்வினை வீட்டுக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை காலை, நான் ஊர் திரும்ப வேண்டிய நாள், கீழே ஹார்ன் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆல்வினின் வெள்ளைக் கார். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். செல்வினை ஆஸ்பத்திரியில் விட்டு, இயந்திரத்தில் படுக்க வைத்தோம். இரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்ததும் நான் அவன் நெற்றியில் கைவைத்தேன். சாதாரணச் சூடுதான். "போயிட்டு வாரேன்ல" என்றேன். "சரிக்கா" என்றான். பக்கத்தில் விமலா அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, உதடு அசைய என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

விமான நிலையத்துக்கும் ஆல்வினே கொண்டுவிட்டார். வேண்டாமென்றேன், கேட்கவில்லை. வழியெல்லாம் அவர் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவரை மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் மன்னிக்கத் தோன்றவில்லை. என் மடியில் கிடந்து பயமாக இருக்கிறது என்று சொன்ன முகம்தான் வந்து வந்து நின்றது. தோன்றட்டும் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் நடக்காது. அதனால் தோன்றாமலேயே, அந்தப் பின்மண்டையைப் பார்த்தபடியே, ஆண்டவரே இவரை நான் மன்னிக்கிறேன் என்று சொன்னேன். நெஞ்சு இளகவில்லை. கண் கலங்கவில்லை. சாலை ஓரத்தில் வரிசையாக ஈச்சமரங்கள் போய்க்கொண்டிருந்தன.

பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு ஆல்வின் தயங்கி நின்றார்.

"சிஸ்டர், என்மேல இன்னும் கோவமா?"

"ஆமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க சனிக்கிழம கொஞ்சம் சீக்கிரமா வாங்க" என்றேன். "அந்த ரோடு பூரா டிராபிக்."